கரியின் நிறம்

"இது படம் இல்லை, பிரதி" என்றார் நண்பர். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது. நண்பர் கவிஞர், கறாரான ரசனை உள்ளவர். இருட்டறையில் வெள்ளி உப்பும் ரசாயனமும் சேர்ந்து தருவதுதான் கறுப்பு வெள்ளைப் படம். கம்ப்யூட்டரோடு இணைத்த யந்திரம் மையைத் துப்பித் தருவது வெறும் ஜெராக்ஸ் என்பது அவர் கட்சி. அந்த மையைக் கலந்தவன் நான். எனவே இக்கட்டுரையில் சுயபாதுகாப்பும் உண்டு. ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். அப்பா எடுத்த படங்கள் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால், ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' தாளில் அவர் எண்பதுகளில் போட்ட பிரின்ட்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு செங்கல்லாகியிருந்தன. பிற்பாடு நான் சாதாரண சாயமையில் எடுத்து வைத்த படங்களில் முகங்களே இல்லை. நீலமும் ரோஜாவும் கரைந்த கறை மட்டும். நெகட்டிவ்களைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துக் கொடியில் காயப்போட்டதில் பாதி பிழைத்தன. பாட்டியின் படத்துக்கு நெகட்டிவ் பிழைத்தது. பிரின்டில் ஒரு மூலை மட்டும் மிஞ்சியது. 'இந்து' தாள் இனிக் கிடையாது, தொழிற்சாலையை மூடியாயிற்று.

மை கலக்கும் வேலைக்கு நான் வந்தது கலை ஆர்வத்தால் அல்ல, பயத்தால்.

வீட்டிலிருந்த யந்திரத்தில் முதலில் போட்டுப் பார்த்தேன். அது சாம்பலை நிறமைகளைக் கலந்து உண்டாக்குகிறது. விளைவு: டியூப் லைட்டில் பாட்டி பச்சை, வாசல் வெயிலில் ரோஜா. எப்சன் நிறுவனம் 2005-ல் மூன்று தரக் கறுப்பு மைகளைக் கொண்ட யந்திரங்களைக் கொண்டுவந்து இந்தக் கோளாறைப் பெருமளவு குறைத்தது. அவற்றை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். குமாஸ்தா சம்பளத்தில் வாங்கமாட்டேன், அவ்வளவுதான். அமெரிக்காவில் வெர்மான்ட்டில் ஜான் கோன் என்பவர் சாம்பல் மைகளைத் தொகுதி தொகுதியாகச் செய்து விற்றார். பால் ரோர்க் என்பவர் தம் கலவை முறைகளை யாரும் செய்துகொள்ளலாம் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார். ஒவ்வொரு மையையும் தனித்தனியே ஆள்வதற்கு ராய் ஹாரிங்டன் எழுதிய மென்பொருள் இருக்கிறது. இவர்கள் மூவரும் இல்லாவிட்டால் நான் தொடங்கியே இருக்கமாட்டேன்.

விஷயம் எளிது. யந்திரத்துக்குத் தெரிந்தது இரண்டே: புள்ளி வை, வைக்காதே. கறுப்பு மை மட்டும் இருந்தால் வெளிர்ச் சாம்பலுக்குப் புள்ளிகளைத் தள்ளித்தள்ளி வைக்கும். பாட்டியின் வெள்ளைப் புடவையில் மிளகுத்தூள் தூவியதுபோல் ஆகிவிடும். அதே மையை நீர்க்கவைத்தால் புள்ளிகளை நெருக்கி வைக்கலாம். மடிப்பு மடிப்பாகத் தெரியும். என் ஆறு பாட்டில்களில் முதலாவது தனி மை. இரண்டாவதில் 100-க்கு 30. இப்படியே இறங்கி ஆறாவதில் 100-க்கு 2. மீதி டிஸ்டில்டு வாட்டர், கிளிசரின், பிலிம் கழுவிய பின் நீர்த்திட்டு விழாதிருக்க விடும் திரவம் சில சொட்டு. கிளிசரின் குறைந்தால் சித்திரை வெயிலில் மைத்துளை அடைத்துக்கொள்ளும். கூடினால் ஐப்பசியில் தாள் காயாது. தாம்பரத்துக்கென்று ஒரு அளவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கரி அடியில் தங்கும். குலுக்காமல் ஊற்றினால் அன்றைய கூலி போச்சு.

ஆம், கரிதான். எழுத்தாணிக் கீறலில் எண்ணெயோடு குழைத்துத் தேய்த்தார்களே, அந்த விளக்குக்கரிக்கு உறவு. வெளிச்சம் அதை ஒன்றும் செய்வதில்லை. தண்ணீர் பட்டால் சாயம்போல ஓடிவிடுவதுமில்லை. தாளும் பருத்தித் தாள். வெண்மைக்காக ரசாயனம் சேர்க்காதது. இதைச் சோதிக்க நோட்டுப் பார்க்கும் அல்ட்ராவயலட் விளக்கு போதும். நல்ல ரூபாய்த் தாளும் பருத்தி, அதன் கீழ் ஒளிராது; ரசாயனம் சேர்ந்த தாள் நீலமாகப் பளிச்சிடும். காஷியர் பார்வையே போதும் என்று ஆன ஒரே கலைத்துறை இதுவாகத்தான் இருக்கும்.

இனி நண்பரின் பேச்சு. பிரதி என்கிறார். ரமணர் மறைந்த 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் தம் பிரின்ட்களைத் தாமே போட்டவரல்ல. பாரிஸில் பியர் காஸ்மனின் கூடத்தில் போட்டார்கள். அவையும் பிரதிகளா? நெகட்டிவில் இருப்பதை எந்த அளவு இருட்டில், எந்த அளவு வெளிச்சத்தில் வாசிப்பது என்று எவனோ ஒருவன் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானம் சரியா தப்பா என்று நண்பர் கேட்டிருந்தால் அது விமர்சனம். வெள்ளியா மையா என்று கேட்பது ஜாதி விசாரிப்பது.

அவர் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று இருந்தது. கரியை நீர்க்க நீர்க்க அது பழுப்பாகும். அப்படியே போட்ட முதல் படத்தைப் பார்த்து உறவினர் எல்லோரும் "அந்தக் காலத்துப் படம் மாதிரியே இருக்குடா" என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கு எரிச்சல். பழைய ஸ்டுடியோ படங்கள் சரியாகக் கழுவப்படாமல் மஞ்சளிப்பது கேடு. கரியின் பழுப்பு அதன் இயல்பு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகப் படுகின்றன, உடனே மனம் கனிந்துவிடுகிறது. நம் கிராமத்துக் கதைகளில் பாதி இந்தப் பழுப்பை நம்பித்தான் பிழைக்கின்றன. ஆனால் 1984-ல் சேலையூர் வாடகை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பாட்டி கனிவானவள் இல்லை. அப்பா படமெடுப்பது பிடிக்காமல் முந்தானையை இழுத்துக்கொண்டு எழப்போகிறாள். பழுப்பு அந்தக் கோபத்தைத் துடைத்துவிடுகிறது.

வெளிர்ந்த மூன்று பாட்டில்களிலும் கொஞ்சம் நீலம் சேர்த்தேன். சாம்பல் குளிர்ந்தது, கோபம் திரும்பி வந்தது. ஆனால் நீலம் கரியைப்போல நிற்காது. முதலில் வெளிறப்போவது அதுதான். அப்போது புடவை தானே பழுக்கும். அழியாத மையைத் தேடி வந்தவன், தெரிந்தே அழிகிற ஒன்றைக் கலந்திருக்கிறேன். மை நிலைத்து வாசிப்பு தப்பாவதைவிட இது பரவாயில்லை என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

நண்பர் சொன்னதில் சரியான பாதி வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டிக்குப் பின்னால் கதவு திறந்திருக்கிறது. மிஞ்சிய மூலையில், அப்பாவின் பிரின்டில், அந்த இருட்டு ஒரு கிணறு. பளபளப்பான வெள்ளித் தாளில் கறுப்பின் அடர்த்தி 2-க்கு மேல் போகும். என் பருத்தித் தாளில் 1.6, மிஞ்சினால் 1.7. எவ்வளவு மை விட்டாலும் கதவுக்குப் பின்னால் கரி பூசிய சுவர்தான் வருகிறது, உள்வீடு வருவதில்லை. பளபளப்புத் தாளில் இந்த மை பிடிக்காது, தேய்த்தால் கையோடு வந்துவிடும். அதற்குப் பிசின் சேர்ந்த வேறு மை வேண்டும். அதை நான் இன்னும் கலந்து பார்க்கவில்லை.