சமையல் மேடைக்கு எந்தக் கல்? ஐந்து துண்டுகளை வீட்டில் வைத்துச் சோதித்தோம்

சமையல் மேடைக் கல்லை ஒருமுறை பதித்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. கல்லைப் பெயர்த்தால் சிங்க், கீழ் அலமாரி, சுவர் டைல்ஸ் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டிவரும். அப்படிப்பட்ட கல்லைக் கடை வெளிச்சத்தில் நிறத்தையும் பளபளப்பையும் மட்டும் பார்த்து முடிவு செய்கிறோம். நம் மேடையில் அன்றாடம் சிந்துவது புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, மஞ்சள் கலந்த எண்ணெய். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லும் அதன்மேல்தான் அமர்கிறது. இவற்றைக் கல் தாங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்காக ஐந்து வகைக் கற்களின் சாம்பிள் துண்டுகளை வாங்கிவந்து, வீட்டுச் சமையலறையிலேயே சோதித்தோம்.

களத்தில் இருந்தவை

கடப்பா கல்: ஆந்திராவின் கடப்பா பகுதியில் கிடைக்கும் கருஞ்சுண்ணாம்புக் கல். ஐந்தில் விலை குறைந்தது இதுதான்.

வெள்ளை மார்பிள்: பார்க்க அழகு, தொட்டால் குளிர்ச்சி.

கறுப்பு கிரானைட்: கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம் வட்டாரங்களில் வெட்டி எடுக்கப்படுவது. இந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை டோலரைட், கேப்ரோ வகைப் பாறைகள். கிரானைட்டைவிட இவற்றில் சிலிக்கா குறைவு, நெருக்கம் அதிகம்.

வெளிர் நிற கிரானைட்: வெள்ளை, சாம்பல் கலந்த புள்ளிக் கல்.

குவார்ட்ஸ்: ஆலையில் செய்யப்படும் கல். எடையில் சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகள். மீதி ரெசின் பசையும் நிறமும். ஒரே சீரான வெள்ளை வேண்டும் என்பவர்களின் முதல் தேர்வு.

புளியும் எலுமிச்சையும்

ஐந்து துண்டுகளிலும் கெட்டிப் புளிக்கரைசலையும் எலுமிச்சைச் சாற்றையும் விட்டுச் சிறிது நேரம் கழித்துத் துடைத்தோம். மார்பிளிலும் கடப்பாவிலும் சாறு பட்ட இடம் பாலிஷ் இழந்து மங்கிவிட்டது. விரலால் தடவினாலே சொரசொரப்பு தெரிந்தது. கடப்பாவின் கறுப்பில் அந்த வெளுத்த வட்டம் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டது. இரண்டுமே கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அமிலம் பட்டால் மேற்பரப்பு கரையும். அது கறை அல்ல, அரிப்பு. சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். இரண்டு கிரானைட்டும் குவார்ட்ஸும் சுவடே இல்லாமல் மீண்டன.

மஞ்சளும் எண்ணெயும்

மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி, இரவு முழுவதும் விட்டோம். காலையில் கறுப்பு கிரானைட்டை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததும் சுத்தம். வெளிர் கிரானைட் எண்ணெயை உறிஞ்சி, திட்டாகக் கறுத்திருந்தது. இந்த வகைக் கல்லுக்குக் கட்டாயம் சீலர் அடிக்க வேண்டும். அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மார்பிள் நன்றாகவே மஞ்சளாகிவிட்டது. குவார்ட்ஸ் எண்ணெயை உள்ளே விடவில்லை. ஆனால் வெள்ளைத் துண்டில் மெல்லிய மஞ்சள் சாயல் தங்கியது. சோப்பு போட்டு அழுத்தித் தேய்த்த பிறகுதான் பெரும்பகுதி விலகியது. உடனே துடைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் இது பெரிய குறை இல்லை.

தோசைக்கல் சூடு

தீர்ப்பை முடிவு செய்த சோதனை இது. நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து எடுத்து நேராகத் துண்டுகளின்மேல் வைத்தோம். கறுப்பு கிரானைட்டும் வெளிர் கிரானைட்டும் அசரவில்லை. குவார்ட்ஸில் பழுப்பு மஞ்சள் வளையம் விழுந்தது, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. காரணம் எளிது. குவார்ட்ஸ் துகள் சூட்டைத் தாங்கும்; துகள்களைப் பிடித்திருக்கும் ரெசின் சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கருகத் தொடங்கும். காய்ந்த தோசைக்கல் அதைவிடச் சூடானது. தாளித்த வாணலியும் அப்படியே. குவார்ட்ஸ் மேடை போடுகிறவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பாத்திரத் தாங்கி வைத்திருக்க வேண்டும். வீட்டில் சமைக்கும் எல்லோரும் அதை மறக்காமல் பயன்படுத்தவும் வேண்டும்.

கத்தி

கத்தி முனையால் கீறியபோது மார்பிளிலும் கடப்பாவிலும் கோடு விழுந்தது. கிரானைட்டிலும் குவார்ட்ஸிலும் கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டியது, துடைத்ததும் போய்விட்டது. இந்தக் கற்களில் நேரடியாகக் காய் நறுக்கினால் மழுங்குவது கத்திதான். பலகை எந்த மேடைக்கும் தேவை.

கடையில் கவனிக்க வேண்டியவை

சுமாரான சாம்பல் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பு கிரானைட் என்று விற்பதும் உண்டு. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து, கல்லின் ஓரத்தில் தேயுங்கள். துணி கறுத்தால் அந்தக் கல் வேண்டாம். சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அந்த இடம் சீக்கிரம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது என்று பொருள். எலுமிச்சைத் துண்டு ஒன்றையும் கையோடு கொண்டுபோகலாம்.

பத்தடி நீளம், இரண்டடி அகல மேடைக்கு 20 சதுர அடி கல் தேவை. வெட்டும்போது வீணாவதும் கணக்கில் சேரும் என்பதால், மோல்டிங், சிங்க் வெட்டு, பதிக்கும் கூலி எல்லாவற்றையும் சேர்த்தே விலை கேளுங்கள். கல் எளிதில் உடையும் இடம் சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய துளையின் ஓரம். அங்கே ஜாயின்ட் வரக்கூடாது. 18 முதல் 20 மில்லிமீட்டர் கனக் கல்லுக்குக் கீழே முழுத் தாங்கல் இருக்க வேண்டும். கிரைண்டர் நிற்கும் இடத்தில் இது இன்னும் முக்கியம்.

வெட்டுகிறவரின் நுரையீரல்

கல் விலையில் சேராத ஒரு கணக்கும் இருக்கிறது. குவார்ட்ஸை உலர்ந்த நிலையில் வெட்டினால் பறக்கும் தூசியில் சிலிக்கா மிக அதிகம். அது நுரையீரலில் தங்கி, குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. இளம் தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லின் உற்பத்தி, விற்பனை, வெட்டுதல், பதித்தல் அனைத்தையும் தடை செய்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அது. கிரானைட் தூசியிலும் ஆபத்து உண்டு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு வெட்டுவதும் தகுந்த முகக்கவசம் அணிவதும் கட்டாயம். உங்கள் வீட்டு வாசலில் புகைமூட்டமாகத் தூசி எழுந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தத் தூசியைச் சுவாசிப்பவர் உங்கள் மேடைக்காக உழைப்பவர்.

தீர்ப்பு

தினமும் மூன்று வேளை சமைக்கும் வீட்டுக்குக் கறுப்பு கிரானைட். புளி, மஞ்சள், சூடு, கத்தி என்று எல்லாவற்றையும் தாங்கியது அது ஒன்றுதான். வெள்ளைச் சமையலறைதான் வேண்டும், சூடான பாத்திரத்தை ஒருபோதும் நேராக வைக்கமாட்டோம் என்பவர்களுக்கு மட்டும் குவார்ட்ஸ். வெளிர் கிரானைட் எடுத்தால் சீலரை மறக்காதீர்கள். கடப்பா அலமாரித் தட்டுக்கும் மேடைக்கு அடித்தாங்கலுக்கும் அருமையான கல், மேல்பரப்புக்கு வேண்டாம். மார்பிளைப் பூஜையறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சாம்பிள் துண்டைக் கேட்டு வாங்கி, உங்கள் வீட்டுப் புளியையும் மஞ்சளையும் ஊற்றிச் சோதித்துப் பாருங்கள்.