பேச்சிழந்த பாலை: ‘உப்பு நகரங்கள்’ நாவலில் எண்ணெய், அடையாளம், பாலினம்

முன்னுரை

நாடுகளுக்கு இடையிலான உறவு அரசுகளின் உடன்படிக்கை, படைவலிமை, வணிகம் ஆகியவற்றால் அமைவது என்பதே நெடுங்காலமாக நிலவிவரும் பொதுக்கருத்தாகும். எண்ணெய் அரசியலின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. 1933 மே மாதத்தில் சவூதி அரசு கலிஃபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்திற்கு வழங்கிய அகழ்வுரிமை, 1938 மார்ச்சில் தம்மாமின் ஏழாம் கிணற்றில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தமை, 1945 பிப்ரவரி 14 அன்று குவின்சி என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் ரூஸ்வெல்ட்டும் மன்னர் இபின் சவூதும் சந்தித்தமை, 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை என அவ்வரலாறு விரியும். இதில் மன்னரும் அதிபரும் நிறுவனத் தலைவரும் இடம்பெறுவர். ஊரும் உழைப்பாளரும் பெண்டிரும் இடம்பெறுவதில்லை.

இக்குறையைச் சுட்டிய ஆய்வுகள் 1980களின் இறுதியிலிருந்து வெளிவரலாயின. சிந்தியா என்லோவின் ‘பனானாஸ், பீச்சஸ் அண்ட் பேஸஸ்’ (1989), ஆன் டிக்னரின் ‘ஜெண்டர் இன் இண்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்’ (1992) ஆகிய நூல்கள், உலக அரசியலில் பெண்கள் எங்கே இருக்கின்றனர் என்னும் வினாவை முன்வைத்தன. அவ்வினாவை ஓர் இலக்கியப் பனுவல் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அப்துல் ரஹ்மான் முனீஃபின் ‘உப்பு நகரங்கள்’ முதல் தொகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆசிரியரும் பனுவலும்

முனீஃப் 1933ஆம் ஆண்டு அம்மானில் பிறந்தவர். தந்தை சவூதியர், தாய் ஈராக்கியர். பெல்கிரேடில் எண்ணெய்ப் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று, எண்ணெய்த் துறையில் பணியாற்றியவர். அரசியல் நிலைப்பாட்டின் காரணமாக 1963இல் அவருடைய சவூதிக் குடியுரிமை பறிக்கப்பட்டது. 2004இல் டமாஸ்கஸில் மறைந்தார். எண்ணெய் குறித்து வெளியிலிருந்து கேட்டறிந்து எழுதியவர் அல்லர். அதன் கணக்கை அறிந்தவர். நாட்டுரிமை என்பது வழங்கப்படுவதும் பறிக்கப்படுவதுமான ஒன்று என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர். இவ்விரண்டும் நாவலின் அடித்தளத்தில் உள்ளன.

‘உப்பு நகரங்கள்’ ஐந்து தொகுதிகளைக் கொண்டது. முதல் தொகுதி 1984இல் வெளியாயிற்று. அதன் அரபுத் தலைப்பு திசையறியாது அலையும் பாழ்வெளியைக் குறிப்பது. 1987இல் பீட்டர் தெரூ இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சவூதி அரேபியாவில் நாவல் தடைசெய்யப்பட்டது. பெயர் சுட்டப்படாத ஒரு பாலைவன நாட்டில் 1930களில் எண்ணெய் தேடி அமெரிக்கர் வருவதும், அதனால் ஓர் ஊர் அழிந்து ஒரு நகரம் எழுவதும் முதல் தொகுதியின் கதை.

1988இல் இதனை மதிப்பிட்ட ஜான் அப்டைக், மேலைநாட்டார் நாவல் எனக் கருதும் வடிவத்தை எட்டும் அளவிற்கு ஆசிரியர் மேலைமயமாகவில்லை என்ற கருத்தை முன்வைத்தார். தனிமனிதனின் அகப்போராட்டம் இதில் இல்லை என்பது அவர் கண்ட குறை. இம்மதிப்பீடே அடையாளச் சொல்லாடலின் ஒரு சான்றெனலாம். இரு நாடுகளின் சந்திப்பைப் பற்றிய கதையில், ஒரு தரப்பாரின் கதைசொல்லும் முறை மட்டுமே அளவுகோலாக்கப்பட்டுள்ளது. 1992இல் அமிதவ் கோஷ் எழுதிய ‘பெட்ரோஃபிக்‌ஷன்’ என்னும் கட்டுரை வேறொரு வினாவை எழுப்பியது. இருபதாம் நூற்றாண்டின் போக்கையே மாற்றிய எண்ணெய்ச் சந்திப்பு இலக்கியத்தில் ஏன் ஏறத்தாழ இடம்பெறவே இல்லை என்பது அவ்வினா. முனீஃபின் நாவலை அவர் அரியதொரு விதிவிலக்காகக் கண்டார்.

ஊரும் அதன் அழிவும்

வாதி அல் உயூன் என்றால் ஊற்றுகளின் பள்ளத்தாக்கு என்பது பொருள். பாலைவெளியின் நடுவே பேரீச்சையும் நீரும் நிறைந்த ஊர் அது. வணிகச் சாத்துகள் அவ்வழியே வந்து செல்லும். அங்கே தண்ணீர் தேடுவதாகக் கூறிக்கொண்டு, அரபு மொழி பேசும் அமெரிக்கர் சிலர் வருகின்றனர். அவர்கள் கேட்கும் கேள்விகளும் குறித்துக்கொள்ளும் செய்திகளும் மித்தெப் அல் ஹத்தால் என்பவரை ஐயுறச் செய்கின்றன. அமீரோ வரப்போகும் செல்வத்தைப் பற்றிப் பேசுகிறார். இறுதியில் எந்திரங்கள் மரங்களை வேரோடு சாய்க்கின்றன. அன்று ஒட்டகமேறிச் செல்லும் மித்தெப் திரும்பி வருவதில்லை. மக்களின் பேச்சில் மட்டும் அவர் அவ்வப்போது தோன்றி மறைகிறார்.

இங்கே எண்ணெய் ஒரு பொருளாக மட்டும் வருவதில்லை. யார் உரிமையாளர், யார் ஊரார், யார் அயலார் என்று வகுக்கும் ஆற்றலாகவும் வருகிறது. நேற்றுவரை அயலாராக இருந்தவர் ஊரின் உரிமையாளராகவும், ஊரார் தம் மண்ணிலேயே அயலாராகவும் ஆகின்றனர். இம்மாற்றத்திற்கு இடையே ஒரு கையெழுத்து மட்டுமே உள்ளது. அக்கையெழுத்து இடப்படும் இடத்தை நாவல் காட்டுவதில்லை. வரலாற்று நூல்கள் தொடங்கும் இடத்தைத் தவிர்த்து, அதன் விளைவு வந்து சேரும் இடத்தில் கதையை நிறுத்தியிருப்பது நாவலின் தலையாய சிறப்பாகும்.

இரண்டு ஹர்ரான்கள்

ஊர் அழிந்தபின் கதை ஹர்ரான் என்னும் கடற்கரைக்குப் பெயர்கிறது. அங்கே துறைமுகம் எழுகிறது. அமெரிக்க ஹர்ரான், அரபு ஹர்ரான் என நகரம் இரண்டாகப் பிளவுபடுகிறது. ஒருபுறம் குளிர்ச்சியூட்டிய வீடுகளும் நீச்சல்குளமும் வேலியும். மறுபுறம் வெயிலில் காயும் தொழிலாளர் குடியிருப்பு. நிறுவனம் தொழிலாளரை வினவிப் பதிவு செய்கிறது. குலத்தாலும் ஊராலும் அறியப்பட்ட மனிதர் ஏட்டில் ஒரு பதிவாகின்றனர்.

இப்பிரிவினை கற்பனையன்று. தஹ்ரானில் அரம்கோ நிறுவனம் அமெரிக்கப் பணியாளருக்கு ஒரு குடியிருப்பையும் சவூதித் தொழிலாளருக்கு வேறொரு குடியிருப்பையும் வைத்திருந்தது. அமெரிக்கச் சுரங்க நகரங்களில் நிலவிய நிறவேற்றுமை முறையே அங்குப் பெயர்த்து நடப்பட்டது என்பதை ராபர்ட் விட்டாலிஸ் ‘அமெரிக்காஸ் கிங்டம்’ நூலில் நிறுவியுள்ளார். 1945, 1953, 1956 ஆகிய ஆண்டுகளில் அங்கு வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. 1956இல் அரசாணையின் வழி வேலைநிறுத்தம் தடைசெய்யப்பட்டது.

இவ்விடத்தில் கருதத்தக்கது ஒன்றுண்டு. இரு ஹர்ரான்களையும் பிரிப்பது வேலி மட்டுமன்று, குடும்பமும் ஆகும். அமெரிக்கரின் குடியிருப்பில் பெண்கள் உள்ளனர். அரபுத் தொழிலாளரோ பெண்டு பிள்ளைகளை விட்டுவந்த ஆடவராகவே அங்கு வாழ்கின்றனர். ஒருவருடைய இனமே அவர் குடும்பத்தோடு வாழலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆற்றல், அடையாளம், பாலினம் என்னும் மூன்றும் தனித்தனிச் சொல்லாடல்கள் அல்ல, ஒரே ஏற்பாட்டின் மூன்று முகங்கள் என்பதை இது காட்டுகிறது.

காணப்படும் பெண், பேசாத பெண்

ஹர்ரானுக்கு ஒருநாள் பெரிய கப்பலொன்று வருகிறது. அதில் இசையும் ஆட்டமுமாக அமெரிக்கப் பெண்கள் உள்ளனர். கரையிலிருந்து ஆடவர் இரவு நெடுநேரம் அதனைக் காண்கின்றனர். வியப்பும் விழைவும் அச்சமும் இழப்புணர்வும் கலந்த அக்காட்சி அவர்கள் மனத்தைவிட்டு அகல்வதில்லை. கீழைநாட்டுப் பெண்ணை மேலைநாட்டு ஆடவன் காண்பதே எட்வர்டு சயீத் ‘ஓரியண்டலிசம்’ (1978) நூலில் ஆராய்ந்த பார்வை. முனீஃப் அப்பார்வையைத் திருப்பி வைக்கிறார். ஆயினும் திருப்பியபின்னும் பெண் காணப்படுபவளாகவே நிற்கிறாள். அப்பெண்களின் சொல் எதுவும் கரைக்கு வந்து சேர்வதில்லை. தொலைநோக்கியைப் பரிசாகப் பெறும் அமீர் ஆட்சியை மறந்து அதில் மூழ்குவதும் இப்பார்வையின் நீட்சியே.

மறுபுறம் ஊரின் பெண்கள் உள்ளனர். மித்தெபின் மனைவி வத்ஹா, கணவன் மறைந்து ஊரும் அழிந்தபின் பேசும் ஆற்றலை இழக்கிறாள். உம்மு கோஷ், சாத்துடன் சென்ற மகன் வருவான் என்று பல்லாண்டுகள் வழிபார்த்திருந்த தாய். ஊர் அழியும்போது அவளும் மடிகிறாள். ஒருத்தி ஊமையாகிறாள், மற்றொருத்தி இறக்கிறாள். நிலத்திற்கு நேர்ந்ததே பெண்ணுக்கும் நேர்கிறது. நிலமும் பெண்ணும் ஒன்றெனக் கொள்ளும் இவ்வுருவகம் ஆற்றல் மிக்கதாயினும், பெண்ணைத் தனி மாந்தராக வளரவிடாமல் தடுக்கிறது. நிறுவனம் ஊராரின் பேச்சைப் பறித்ததைக் கண்ட நாவல், தானும் பெண்ணின் பேச்சைப் பறித்துவிட்டதைக் காணவில்லை எனலாம்.

பாலைத்திணை தரும் வெளிச்சம்

அரபு நாவலொன்றைத் தமிழ்த் திணைக்கோட்பாட்டிற்குள் அடக்குவது முறையாகாது. எனினும் இவ்விடத்தில் பாலைத்திணையோடு ஒப்புநோக்குவது ஓர் உண்மையைத் துலக்குகிறது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரக் கருத்து. அத்திரிபு வேனிலின் செயல். மழை பெய்தால் நிலம் தன் இயல்புக்கு மீளும். பொருள்வயிற் பிரிந்தவன் மீள்வான் என்னும் நம்பிக்கையும் அதனோடு இணைந்தது. எண்ணெய் உண்டாக்கும் பாலைக்கோ கார்காலம் இல்லை.

உம்மு கோஷின் மகன் எண்ணெய் வருமுன்பே பிரிந்தவன் என்பது நோக்கத்தக்கது. ஆகவே எண்ணெய் பிரிவைப் புதிதாக உண்டாக்கவில்லை. அவன் திரும்பி வருவதற்குரிய இடத்தையே அழித்தது. காத்திருத்தலுக்கும் ஓர் ஊர் வேண்டும். அவ்வூர் இல்லாதபோது காத்திருப்பவளும் இல்லாதொழிகிறாள்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. சங்கப் பாலைப் பாடல்களில் தலைவியும் தோழியும் மகட்போக்கிய தாயும் பேசுகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பாடியோர் ஆடவராயினும், பிரிவைச் சொல்லும் உரிமை பெண் கூற்றுக்கு உண்டு. வத்ஹாவிற்கு அக்கூற்று இல்லை. அவளது மௌனத்தை அடக்குமுறையின் குறியீடாகக் கொள்வது ஒரு வாசிப்பு. அவள் பேசியிருந்தால் மித்தெபின் தொன்மத்திற்கு மாறான ஒரு கதை எழுந்திருக்கும் என்பது மற்றொரு வாசிப்பு. போராடி மறைந்தவன் தொன்மமாகிறான். விடப்பட்டவளோ மக்களை வளர்த்து அன்றாடத்தை நடத்த வேண்டியவள். அவ்வன்றாடத்தின் கதை நாவலில் எழுதப்படவில்லை.

வெளியே நின்ற மற்றவர்

வேலைநிறுத்தத்துடனும் அமீரின் மனச்சிதைவுடனும் முதல் தொகுதி முடிகிறது. எண்ணெய் நகரங்களின் பன்மொழி உழைப்பு நாவல் வடிவத்திற்கு எளிதில் வசப்படுவதில்லை என்று கோஷ் கூறியது இங்கே பொருந்தும். தெற்காசியாவிலிருந்து வளைகுடாவிற்குச் சென்ற இலட்சக்கணக்கானோர் இக்கதையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுள் தமிழரும் மலையாளிகளும் உளர். பென்யாமினின் மலையாள நாவலான ‘ஆடுஜீவிதம்’ (2008) அவ்விடைவெளியில் எழுந்தது. அங்கும் ஆடவன் பாலையில் சிக்குண்டு உழல, கருவுற்ற மனைவி ஊரில் காத்திருக்கிறாள். அங்கும் கதை அவனுடையதே. எண்ணெய் இலக்கியத்தில் வீட்டில் இருப்பவளின் கூற்று மொழிகடந்த ஒரு வெற்றிடமாக உள்ளது.

இவ்வெற்றிடம் அரசியலிலும் உண்டு. 1990 நவம்பரில், வளைகுடா நெருக்கடியின்போது அமெரிக்கப் படைகள் சவூதி மண்ணில் இருந்தன. அப்போது ரியாத்தில் 47 பெண்கள் கார் ஓட்டித் தடையை எதிர்த்தனர். அவர்கள் தண்டிக்கப்பட்டனர், நட்பு நாடுகளின் உறவு குலையவில்லை. 2018 ஜூன் மாதத்தில் தடை நீக்கப்பட்டபோது அது உலகெங்கும் சீர்திருத்தத்தின் அடையாளமாகக் காட்டப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்னர், அவ்வுரிமைக்காகக் குரல்கொடுத்த பெண்கள் சிலர் கைது செய்யப்பட்டிருந்தனர். கார் ஓட்டும் பெண் காணப்படலாம். உரிமை கேட்கும் பெண் பேசலாகாது என்னும் நிலையே இது. ஹர்ரான் கரையில் நின்ற பார்வை உருமாறித் தொடர்கிறது.

முடிவுரை

எண்ணெயைச் சுற்றிய நாடுகளின் உறவு அரண்மனையிலும் கப்பலிலும் மட்டும் அமைவதன்று. எந்த ஊர் அழியும், யார் குடும்பத்தோடு வாழ்வர், யாருடைய சொல் கணக்கில் கொள்ளப்படும் என்பவற்றாலும் அமைவதாகும். முதலிரண்டையும் முனீஃப் தெளிவுறக் காட்டியுள்ளார். மூன்றாவதை ஆடவரளவில் காட்டி நின்றுவிட்டார். இக்குறை நாவலின் பெருமையைக் குறைப்பதன்று. எண்ணெய்ச் சொல்லாடல் எவ்வளவு ஆழமாக ஊடுருவியது என்பதற்கு நாவலே அறியாது தரும் சான்று இது. வத்ஹா பேசத் தொடங்கும் இடத்திலேயே அடுத்த எண்ணெய் நாவல் தொடங்க வேண்டும்.