குபாலா எந்த ஊர்க்காரர்?

பார்சிலோனா கால்பந்து அணியின் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச்செழுந்தால் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். லாஸ்லோ குபாலா 1927-இல் புடாபெஸ்டில் பிறந்தவர்; குடும்பத்தில் ஸ்லோவாக் வேர். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு 6 ஆட்டம், ஹங்கேரிக்கு 3. 1949-இல் ஹங்கேரியிலிருந்து தப்பியோடியவர், பின்னர் ஸ்பெயினுக்கு 19 ஆடினார். மூன்று நாட்டுச் சட்டை போட்டும் உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூடக் களமிறங்கவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

உடனே ஒருவர் ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவை இழுப்பார்: அர்ஜென்டினா, கொலம்பியா, ஸ்பெயின். கொலம்பிய ஆட்டங்களை ஃபிஃபா ஏற்பதில்லையே என்று இன்னொருவர் மறுப்பார். பிறந்த மண்ணா, போட்ட சட்டையா? விடிய விடியப் பேசலாம். என் கட்சி சட்டைதான். ஆனாலும் குபாலாவின் சிலை நிற்பது பார்சிலோனாவின் கேம்ப் நூ அரங்கின் வாசலில்.