ஃபௌஸ்டின் சாரீரம்

கற்றும் ஆறாத அறிவுத் தாகத்தால், இருபத்துநான்கு வருஷப் பணிவிடைக்கு விலையாகத் தன் ஆத்மாவையே சாத்தானுக்கு எழுதிக் கொடுத்த ஃபௌஸ்ட் என்னும் பண்டிதனின் கதையை, 1587-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் யோஹான் ஷ்பீஸ் என்னும் அச்சகத்தார் வெளியிட்ட ஜெர்மன் நூலிலிருந்து எடுத்துக்கொண்டு, ஐரோப்பியக் கலைகள் ஒவ்வொன்றும் தத்தம் வழியில் வளர்த்து வந்திருக்கின்றன. மார்லோ அதை ஆங்கில நாடக மேடையில் ஏற்றினார். பொம்மலாட்டக்காரர்கள் அதை ஜெர்மனியின் சந்தைகளுக்குக் கொண்டுசென்றார்கள். அந்தப் பொம்மலாட்டக் கதையை இளமையிலேயே அறிந்திருந்த மகாகவி கதே, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அதை மனத்தில் சுமந்து, முதற்பாகத்தை 1808-இல் வெளியிட்டு, இரண்டாம் பாகம் தம் மறைவுக்குப் பின் 1832-இல் வெளிவரும்படி விட்டுச் சென்றார். அந்நாடகத்தின் முகப்பில் அரங்க முதலாளியும் கவியும் விதூஷகனும் உரையாடும் காட்சி ஒன்று உண்டு. 1791-இல் ஜெர்மனில் வெளிவந்த சாகுந்தலத்தைப் படித்துப் பரவசமடைந்த கதே, சூத்திரதாரனும் நடியும் பேசும் நமது பிரஸ்தாவனையின் முறையைக் கண்டே அதை அமைத்தார் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

ஆனால் சங்கீத நாடகமாகிய ஓபராவுக்கு இக்கதை சுலபத்தில் வசப்படவில்லை. காதலையும் பகையையும், பக்தியையும் மரணத்தையும் பாடிப் பழகிய அந்தக் கலை, புத்தகக் குவியலுக்கு நடுவே அமர்ந்து, கற்றதெல்லாம் வீணாயிற்றே என்று ஏங்கும் ஒரு பண்டிதனின் ஏக்கத்தை எந்த ஸ்தாயியில் பாடுவது என்று நெடுங்காலம் தடுமாறியது. ஐரோப்பிய ஓபராவில் ஆண் சாரீரங்களுக்கு ஒரு வழக்கு ஏற்பட்டிருக்கிறது: உச்சத்தில் சஞ்சரிக்கும் டெனர் காதலனுக்கும் வீரனுக்கும், மந்தரத்தில் முழங்கும் பாஸ் அரசனுக்கும் குருவுக்கும் சாத்தானுக்கும், இடைப்பட்ட பாரிட்டோன் உள்ளத்தில் போராட்டம் உடையவனுக்கும் உரியவை. ஆகவே ஒரு சங்கீத கர்த்தா தம் ஃபௌஸ்டுக்கு எந்தச் சாரீரத்தைக் கொடுத்தார் என்று பார்த்தாலே, அவனை ஞானம் தேடுபவனாகக் கண்டாரா, யௌவனம் தேடுபவனாகக் கண்டாரா என்பது பெரும்பாலும் விளங்கிவிடுகிறது. தம் கதைக்குத் தக்க சங்கீதத்தை மோட்ஸார்ட் ஒருவரே இயற்றியிருக்கக் கூடும் என்று 1829-இல் தம் உதவியாளர் எக்கர்மனிடம் கதே சொன்னார். மோட்ஸார்ட் காலமாகி அப்போது முப்பத்தேழு வருஷங்கள் ஆகியிருந்தன.

முதலில் துணிந்தவர்களில் முக்கியமானவர் லூயி ஷ்போர். 1816-இல் பிராக் நகரத்தில் வேபரின் தலைமையில் அரங்கேறிய அவருடைய ஓபரா, கதேயின் நூலைத் தழுவியதன்று. அதில் ஃபௌஸ்ட் பாரிட்டோன். எனினும் அவனுடைய சங்கடமெல்லாம் இரண்டு பெண்களுக்கிடையே அலைவதுதான். 1831-இல் பாரிஸில் மேடையேறிய லூயிஸ் பெர்த்தேன் என்ற பெண்மணியின் இத்தாலிய ஓபராவில், கதாநாயகனின் பகுதி முதலில் பெண் சாரீரத்துக்கென எழுதப்பட்டு, அரங்கேற்றத்தில் டெனருக்கு மாறியது. அந்த மூல வடிவம் நம் காலத்தில் மீண்டும் பாடப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

பெர்லியோஸின் நூல் மேடைக்கென்றே எழுதப்பட்டதன்று. நாடகத் தன்மையுள்ள ஒரு காதையாகவே அதை அவர் கருதினார். 1846 டிசம்பரில் பாரிஸில் பாதி காலியான அரங்கில் அது நிகழ்ந்தபோது அவர் பெருங்கடனில் ஆழ்ந்தார். 1893-இல் மான்டி கார்லோவில்தான் அது ஓபராவாக முதன்முதலில் நடிக்கப்பட்டது. ராக்கோட்ஸி அணிவகுப்பிசையைச் சேர்ப்பதற்காகவே கதாநாயகனை ஹங்கேரியின் சமவெளியில் கொண்டுவந்து நிறுத்திய அந்தத் துணிச்சலைக் கண்டித்தவர்கள் உண்டு. நான் கண்டிக்கமாட்டேன், அந்த இசை அத்தகையது. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. இங்கே ஃபௌஸ்ட் டெனர். அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது கதையின் தொடக்கத்தில் அன்று, முடிவை நெருங்குகையில். அதுவும் ஞானத்துக்காக அன்று, மரண தண்டனைக்குள்ளான தன் காதலி மார்கரீத்தைக் காப்பாற்றுவதற்காக. பேரத்தின் ஜீவநாடியே இடம் மாறிவிட்டது.

இந்த மாற்றத்தைப் பூர்த்தி செய்தவர் குனோ. 1859 மார்ச் 19-ஆம் தேதி பாரிஸின் தியாத்தர் லிரிக்கில் அரங்கேறியபோது வசனங்கள் கலந்திருந்த அவருடைய 'ஃபௌஸ்ட்', பின்பு முழுவதும் பாட்டாக மாறி, 1869-இல் நாட்டியக் காட்சியும் சேர்ந்து பாரிஸ் பேரரங்கில் ஏறியது. 1883-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா தன் கதவுகளைத் திறந்ததும் அதைக் கொண்டுதான். முதல் அங்கத்தில் நஞ்சுக் கோப்பையைக் கையிலேந்திக் கல்வியைச் சபிக்கும் கிழவன், சாத்தான் வந்து பொன்னையும் புகழையும் ராஜ்யத்தையும் தருவதாகச் சொல்லும்போது, எனக்கு யௌவனம் வேண்டும் என்று கேட்கிறான். அந்த ஒரு வரத்தோடு பண்டிதன் மறைந்துபோகிறான். எஞ்சிய நான்கு அங்கங்களிலும் பாடுபவன் இனிய டெனர் சாரீரமுடைய ஒரு காதலன். மார்கரீத்தின் வீட்டு வாயிலில் நின்று அவன் பாடும் பாட்டும், சிறைச்சாலையில் அவள் ஒரே மன்றாட்டைப் படிப்படியாகச் சுருதி உயர்த்திப் பாடும் இறுதிப் பகுதியும் கேட்போரை உருக்குபவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் ஜெர்மானியர் தங்கள் மேடைகளில் இதற்கு 'மார்கரேட்டே' என்றே பெயர் சூட்டியது நியாயம். இது அவளுடைய கதை.

இத்தாலியரான பொய்தோ, கதேயின் தத்துவம் முழுவதையும் மேடைக்குக் கொண்டுவர வேண்டுமென்ற லட்சியத்தோடு, பாட்டையும் இசையையும் தாமே எழுதி, 1868 மார்ச் 5-ஆம் தேதி மிலானின் லா ஸ்காலாவில் தாமே நடத்திய 'மெஃபிஸ்டோஃபெலே', நள்ளிரவைத் தாண்டி நீண்டு, கூச்சலிலும் கலகத்திலும் முடிந்தது. அவருக்கு வயது இருபத்தாறு. ஏழு வருஷங்களுக்குப் பின் போலோன்யாவில் அதே நூல் வெற்றி கண்டபோது அது வெகுவாகச் சுருங்கியிருந்தது. முன்பு பாரிட்டோனாக இருந்த ஃபௌஸ்டும் டெனராகியிருந்தான். ரசிகர்களோடு சமாதானம் செய்துகொள்வதற்கு அவர் பண்டிதனின் சாரீரத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்பதே என் எண்ணம். விண்ணுலகத்தில் நிகழும் அதன் முகப்புக் காட்சி மாத்திரம் அந்த முதல் லட்சியத்தின் கம்பீரத்தோடு இன்றும் நிற்கிறது. பாரிட்டோனை விடாமல் காத்த ஷூமான், 1844 முதல் 1853 வரை தாம் எழுதிய காட்சிகளை ஓபராவாக ஆக்க முனையவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. ரஷ்யரான ஷ்னிட்கே, கதேயை ஒதுக்கிவிட்டு ஷ்பீஸ் வெளியிட்ட பழைய நூலுக்கே திரும்பி, 1995-இல் ஹாம்பர்க்கில் அரங்கேறிய தம் ஓபராவில் ஃபௌஸ்டுக்குப் பாஸ் சாரீரத்தையும், சாத்தானுக்குப் பெண்மை தோய்ந்த ஆண் சாரீரம் ஒன்று, தாழ்ந்த பெண் சாரீரம் ஒன்று என இரண்டையும் வைத்தார். பண்டிதனின் கோரமான முடிவை அப்பெண் சாரீரம் டாங்கோ நடன மெட்டில் பாடுவதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். 2005-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அரங்கேறிய ஜான் ஆடம்ஸின் 'டாக்டர் அட்டாமிக்', ஓர் அமெரிக்க ஃபௌஸ்ட் வேண்டும் என்று அவ்வரங்கத் தலைவர் கேட்டதிலிருந்து பிறந்தது. அணுகுண்டு செய்த ஓப்பன்ஹைமர் அதில் பாரிட்டோன், சாத்தான் பாத்திரமாக எவரும் இல்லை, கீதையின் விசுவரூப தரிசனத்தைக் கோஷ்டி பாடுகிறது.

கால வரிசையை மீறி நான் கடைசிக்கு வைத்திருப்பது புஸோனியின் 'டாக்டர் ஃபௌஸ்ட்'. எம்போலி என்னும் இத்தாலிய ஊரில் பிறந்து, பெர்லினில் வாழ்ந்து, பியானோ வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்ற அவர், கதேயோடு போட்டியிட விரும்பாமல் பொம்மலாட்டக் கதையை எடுத்துக்கொண்டார். மார்கரீத்தின் கதையை அடியோடு நீக்கி, அவளுடைய சகோதரன் ஃபௌஸ்டைப் பழிவாங்கக் காத்திருந்து கொலையுண்பதை மட்டும் ஓர் இடைக்காட்சியாக நிறுத்தினார். பண்டிதன் பாரிட்டோன், சாத்தான் டெனர். வட்டத்துக்குள் நின்று அவன் பூதங்களை ஒவ்வொன்றாக அழைத்து, உன் வேகம் எவ்வளவு என்று கேட்கிறான். முதற்பூதம் பாஸாகத் தொடங்கி, சாரீரம் படிப்படியாக உயர்ந்து, ஆறாவது பூதம் மனித எண்ணத்தின் வேகத்தோடு, உயரத்தில் கூர்மையாக ஒலிக்கும் டெனராக வெளிப்படுகிறது. எண்ணமே சாத்தானாக வந்து நிற்கிறது! அறிவுத் தாகத்தை எப்படிப் பாடுவது என்ற பழைய வினாவுக்கு, தாகமுள்ளவனைத் தாழ்ந்த சாரீரத்திலும், அத்தாகம் அழைத்துவந்ததை அவன் எட்டமுடியாத ஸ்தாயியிலும் வைத்து அவர் விடை கண்டார். நான் கேட்ட ஃபௌஸ்ட் ஓபராக்களில் இதற்கு இணையான காட்சி வேறில்லை.

அவ்விடையை முடித்துவைக்க அவருக்கு ஆயுள் போதவில்லை. 1924 ஜூலையில் அவர் காலமானபோது இரண்டு இடங்கள் இசையின்றி நின்றன: ஹெலன் தோன்றும் காட்சியும், பனி பெய்யும் தெருவில் ஃபௌஸ்ட் இறந்த குழந்தைக்குத் தன் உயிரை மாற்றிக் கொடுக்கும் இறுதிப் பகுதியும். மாணவர் பிலிப் யார்னாக் அவற்றை நிரப்பிக் கொடுக்க, 1925 மே மாதத்தில் டிரெஸ்டனில் ஃபிரிட்ஸ் புஷ் அரங்கேற்றினார். புஸோனியின் குறிப்புகளைக் கொண்டு ஆன்டனி போமன்ட் அமைத்த வேறொரு முடிவு 1985-இல் போலோன்யாவில் ஒலித்தது. யார்னாக்கின் முடிவு பண்டிதனின் மரணத்தோடு இருண்டு நிற்க, போமன்டின் முடிவில் அவன் தன் சங்கல்பம் அக்குழந்தையில் தொடர்வதைத் தானே விரிவாகப் பாடிவிட்டே மடிகிறான். கென்ட் நகானோ நடத்திய இசைத்தட்டில் இரண்டு முடிவுகளும் இருக்கின்றன. நான் போமன்டின் முடிவையே விரும்புகிறேன், ஏனெனில் அதில் கடைசி வார்த்தையைப் பேசும் உரிமை அந்தப் பாரிட்டோனுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.