பின்கோடு மாறிய பையன்

‘சென்னை 600028’ வெளியானது 2007 ஏப்ரல் 27ஆம் தேதி. மறுநாள் பிரிட்ஜ்டவுனில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அதில் இந்தியா கிடையாது. மார்ச் 17 வங்கதேசத்திடம் தோற்று, 23 இலங்கையிடம் தோற்று, முதல் சுற்றோடு நம் ஆட்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். தெருக்களில் வீரர்களின் உருவபொம்மைகள் எரிந்தன. ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மீது கல் விழுந்தது. கிரிக்கெட் என்ற வார்த்தையைக் கேட்டாலே ஜனங்கள் முகம் சுளித்த அந்த மாதத்தில், பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல், முதல் பட இயக்குநர் ஒருவர் கிரிக்கெட் விளையாடும் பையன்களைப் பற்றி ஒரு காமெடிப் படத்தோடு வந்தார். அது ஓடியது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, டிவியில், ஃபோனில், மீம்களில்.

போகிற போக்கில் ஒன்று: அந்த இறுதிப் போட்டி முடிந்த விதம் ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்திரேலியா ஜெயித்துவிட்டதாகக் கட்டிப்பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது நடுவர்கள் வந்து, இன்னும் மூன்று ஓவர் பாக்கி என்றார்கள். கிட்டத்தட்ட இருட்டில் அந்த மூன்று ஓவரையும் போட்டு முடித்தார்கள். உலகக் கோப்பை கடைசியில் நம் தெரு மேட்ச் மாதிரி ‘லைட்டு இல்லடா’ சண்டையில் வந்து நின்றது. வெங்கட் பிரபுவே எழுதியிருந்தால்கூட ஓவராக இருக்கிறது என்று வெட்டியிருப்பார்கள்.

இந்தப் படத்தின் மேல் இருக்கிற பாசத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று நட்பு. இன்னொன்று, ‘எங்க ஏரியாவிலயும் இப்படித்தான் விளையாடுவோம்’. இரண்டும் உண்மைதான். ஆனால் நட்பைப் பற்றித் தமிழில் வண்டி வண்டியாகப் படம் வந்திருக்கிறது, அதில் பாதி இப்போது பெயர்கூட நினைவில்லை. தெரு கிரிக்கெட்டும் படத்துக்குப் பத்து நிமிடமாவது எல்லோரும் வைத்திருக்கிறார்கள். பதினேழு, பதினெட்டு வருடம் ஒரு படத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்க இதெல்லாம் போதாது. என் கட்சி இதுதான்: ‘சென்னை 600028’ வீடு மாறுவதைப் பற்றிய படம். கிரிக்கெட்டும் காமெடியும் அந்தத் துக்கத்தை நமக்குத் தெரியாமல் உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுகின்றன.

தலைப்பே ஒரு முகவரி. ரகு (ஜெய்) ராயபுரத்துப் பையன், ராயபுரம் ராக்கர்ஸில் ஆடுகிறவன். குடும்பம் வீடு மாறி ஆர்.ஏ. புரத்துக்கு, விசாலாட்சி தோட்டத்துக்கு வருகிறது. அங்கே இருப்பது ஷார்க்ஸ், ராக்கர்ஸின் பரம எதிரிகள். கணக்குப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ராயபுரத்தில் ரயிலேறி, பீச்சில் இறங்கி, பறக்கும் ரயில் பிடித்தால் மந்தைவெளி வந்துவிடும். ஆனால் பதினெட்டு, இருபது வயதில் அது வேறு நாடு. அமெரிக்கா போனவனுக்காவது ஏர்போர்ட்டில் அழ ஆள் இருக்கும். ஏரியா மாறினவனுக்கு அதுவும் இல்லை. டெம்போவில் பீரோ, கட்டில், மிக்ஸியோடு அவனும் ஒரு சாமானாக ஏறி வந்துவிடுகிறான்.

படம் ரகுவின் சோகத்துக்கு வயலின் வாசிப்பதில்லை. அவன் புது ஏரியாவில் ஒட்டாமல் திரிகிறான், முறைத்துக்கொள்கிறான், பிறகு மெதுவாக ஷார்க்ஸில் சேர்கிறான். பழைய டீமின் கண்ணில் அது துரோகம். இந்த இடம்தான் எனக்குப் படத்தின் மையம். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. வீட்டை மாற்றியது அவன் இல்லை. விளையாடாமல் இருக்க அவனால் முடியாது, விளையாடினால் எதிரிக்குத்தான் விளையாட வேண்டும். மகாபாரதத்தில் கர்ணனுக்கு வந்த சிக்கலின் டென்னிஸ் பால் வடிவம் இது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், படமும் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறது.

ஏரியா டீம் என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதில் செலக்‌ஷன் கிடையாது. நீ எந்தத் தெருவில் இருக்கிறாயோ அதுதான் உன் தகுதி. பேட் யாருடையதோ அவன் ஓப்பனிங். பந்துக்கு ஆளுக்கு இரண்டு ரூபாய். சாக்கடையில் விழுந்தால் அடித்தவன் எடுக்கணும். எல்பி கிடையாது. பேட்டிங் சைடுதான் அம்பயர், அதனால் ரன் அவுட்டும் கிட்டத்தட்டக் கிடையாது. ஆள் குறைந்தால் ஒருவன் காமன், அதாவது ஒப்புக்குச் சப்பாணி. சரியாக ஆடவே தெரியாதவனுக்கும் ஒரு இடம் உண்டு, அவனும் அந்தத் தெருக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக. பிரேம்ஜியின் சீனு அப்படி ஒருவன். சீனுவை எந்தக் கோச்சும் எடுக்க மாட்டான். சீனு இல்லாத ஷார்க்ஸையும் யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அவர் ‘சந்திரமுகி’யில் பிரபு சொன்ன வசனத்தைத் தன் பாணிக்குத் திருப்பிச் சொன்னதுதான் ஊர் முழுக்கப் பரவியது. மூல வசனம் எந்தப் படம் என்றே தெரியாமல் அதைச் சொல்கிற பையன்கள் இருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு நாம் சேர்ந்த எல்லா டீமிலும் செலக்‌ஷன் இருந்தது. கல்லூரிக்குக் கட் ஆஃப், வேலைக்கு ஆப்டிட்யூட் டெஸ்ட், அப்புறம் இரண்டு ரவுண்டு டெக்னிக்கல், ஒரு ஹெச்ஆர். நான் சாஃப்ட்வேர் ஆள், ப்ராஜெக்ட் மாறும்போது டீம் மாறுவது எனக்குப் பழகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு குரூப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள், திங்கட்கிழமை வேறு குரூப்பில் போடுவார்கள், யாரும் துரோகி என்று சொல்வதில்லை. சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேனோ என்னவோ. கல்லூரி ஹாஸ்டலில் இந்தப் படம் எல்லோருடைய ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்தது. செமஸ்டர் பரீட்சை முந்தின நாளும் யாராவது ஒரு அறையில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அதை சீனுவுக்காகப் பார்த்தோம். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஊரைவிட்டு வந்த ரகுக்கள் என்று எனக்குத் தோன்றவே பல வருடம் ஆனது. இப்போது சனிக்கிழமை இரவு, மணிக்கணக்கில் வாடகை கட்டி, வலை போட்ட டர்ஃபில், ஐந்து வெவ்வேறு பின்கோடுகளிலிருந்து பைக்கில் வந்து ஆடுகிறோம். நன்றாகத்தான் இருக்கிறது. பந்து சாக்கடையில் விழ வழியில்லை.

படத்தின் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது? விளையாட்டுப் படங்களில் வழக்கமாக ஆட்டத்துக்கு வெளியே ஏதாவது பெரிய விஷயம் தொங்கும். ‘லகான்’ (2001) படத்தில் வரி. அதே 2007 ஆகஸ்ட்டில் வந்த ‘சக் தே! இந்தியா’வில் தேசம், ஒரு மனிதனின் தேசபக்தி மேல் விழுந்த களங்கம். ‘சென்னை 600028’ல் தொங்குவது ஒரு ரேடியோ ஸ்டேஷன் நடத்தும் ஏரியா டோர்னமென்ட். இந்திய அணிக்குப் போகப்போகிறேன் என்று ஷார்க்ஸில் யாரும் கனவு காண்பதில்லை. ஜெயித்தால் வாழ்க்கை மாறாது, தோற்றாலும் மாறாது. ஆனால் அவர்களுடைய சீரியஸைப் பாருங்கள்! கேப்டன் கார்த்திக் (சிவா) பேசும் தொனியில் லார்ட்ஸ் டெஸ்ட் நடக்கிறது, கண்ணெதிரே இருப்பதோ மண் தரை. படவா கோபியின் கமென்ட்ரி இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. அவர் ஆட்டத்தைக் கேலி செய்கிறாரா, கொண்டாடுகிறாரா என்று கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியாது. பொருட்படுத்த ஒன்றுமில்லாததை உயிரைக் கொடுத்துப் பொருட்படுத்துகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம், சிரித்து முடிப்பதற்குள் பொறாமை வந்துவிடுகிறது. ‘நானும் ஒரு காலத்தில் எதையாவது இப்படிப் பொருட்படுத்தினேனே?’

திரையில் தெரியும் நெருக்கம் நடிப்பு மட்டும் இல்லை. வெங்கட் பிரபுவும் பிரேம்ஜியும் கங்கை அமரனின் பிள்ளைகள். இசையமைத்த யுவன் சங்கர் ராஜா அவர்களுடைய பெரியப்பா மகன். தயாரித்தது எஸ்.பி.பி. சரண். செல்வியாக நடித்த விஜயலட்சுமி இயக்குநர் அகத்தியனின் மகள். சிவா எஃப்எம் ரேடியோவிலிருந்து வந்தவர். சும்மா இருந்தாலும் கூடி அரட்டை அடிக்கக்கூடியவர்கள் சேர்ந்து எடுத்த படம். அந்த அரட்டையின் ஓசை வசனங்களில் அப்படியே இருக்கிறது: ஒருத்தன் பேசும்போது இன்னொருத்தன் குறுக்கே விழுவது, பாதியில் விட்ட வாக்கியம், யாரும் சிரிக்காத ஜோக்குக்கு யாரோ ஒருத்தன் மட்டும் லேட்டாகச் சிரிப்பது.

ஆனால் இதே காரணத்தால்தான் படத்தின் பார்வைக்கு ஒரு எல்லையும் விழுகிறது. கோடம்பாக்கத்துப் பிள்ளைகள் ஏரியாப் பையன்களைப் பார்த்தது பாசமாகப் பார்த்த பார்வை, சங்கடமான கேள்வி கேட்காத பார்வை. 600028 என்ற பின்கோடுக்குள் அமைச்சர்களின் பங்களாக்கள் இருக்கும் கிரீன்வேஸ் சாலையும் வருகிறது, குறுகிய சந்துகளும் வருகின்றன. ராயபுரம் வடசென்னை, துறைமுகத்தையும் மீனையும் நம்பி வாழும் பகுதி. வடக்கேயிருந்து தெற்கே வந்த ஒருவன் சென்னையில் என்னென்ன கேலி கேட்டிருப்பான் என்று நமக்குத் தெரியும். படத்தில் அது வெறும் கிளப் பகையாக நின்றுவிடுகிறது. யார் எந்தச் சாதி என்று ஷார்க்ஸில் யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு டீம் இருந்தால் நல்லதுதான். ஆனால் சந்தையும் தெருவையும் அந்தக் கேள்விதான் பிரித்து வைத்திருக்கிறது.

இதைப் பின்னால் வந்த படங்கள் கேட்டன. 2024ல் வந்த ‘ப்ளூ ஸ்டார்’ அரக்கோணம் பக்கம் ஒரே ஊரின் இரண்டு டீம்களை, அவற்றுக்கு நடுவே ஓடும் கோட்டை வைத்தே தொடங்குகிறது. அதே ஆண்டு ‘லப்பர் பந்து’வில் அன்புவுக்குத் திறமை இருந்தும் ஊர் டீமில் சாதியால் இடம் கிடைப்பதில்லை. தெருக்காரன் என்ற தகுதி போதும் என்று மேலே நான் எழுதியது அவனிடம் செல்லாது. ‘லப்பர் பந்து’வை நான் இன்னொரு காரணத்துக்காகவும் ‘சென்னை 600028’க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அதில் கிரிக்கெட்டே கதி என்று கிடக்கும் கணவனின் பிட்ச்சை மனைவி டிராக்டர் விட்டு உழுதுவிடுகிறாள். ஆண்களின் இந்தப் புனித நிலத்தைப் பற்றி ஒரு பெண்ணுக்கு என்ன அபிப்பிராயம் இருக்கும் என்பதை ஒரே ஷாட்டில் சொன்ன காட்சி அது.

ஷார்க்ஸின் உலகத்தில் டிராக்டர் இல்லை. கார்த்திக் காதலிப்பது நண்பன் பழனியின் தங்கை செல்வியை. விஷயம் தெரிந்ததும் வெடிக்கிறது. ஃப்ரெண்டோட தங்கச்சியையா? இந்தக் கேள்வி படத்தில் நட்பின் பெரிய சோதனையாக வருகிறது. இரண்டு ஆண்களும் நொந்துபோகிறார்கள், டீம் உடையப் பார்க்கிறது, பிறகு சேர்கிறது. யாருக்கு யார் துரோகம் செய்தது என்ற வழக்கில் செல்வி சாட்சிகூட இல்லை, வழக்குப் பொருள். ரகுவின் துரோகத்தை அவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொள்ளும் படம், இங்கே பழனியின் கோபம் எதன் மேல் நிற்கிறது என்று கேட்காமலே போகிறது. ‘அந்தக் காலம் அப்படி’ என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. 2007 அவ்வளவு பழைய காலம் இல்லை. எனக்கு இந்தப் படம் பிடிக்கும், நண்பர்களைப் பிடிப்பதுபோல. நண்பன் தப்பாகப் பேசினால் பேச்சை மாற்றாமல் சொல்லத்தானே வேண்டும்.

2016 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. பெரும்பாலும் அதே முகங்கள், கல்யாணமாகித் தொப்பை போட்டு, கிரிக்கெட்டுக்குப் பொண்டாட்டியிடம் பர்மிஷன் கேட்கும் நிலையில். படம் ரகுவின் கல்யாணத்துக்காகத் தேனிப் பக்கம் போய், அங்கே ஒரு மேட்ச்சில் மாட்டுகிறது. ஜாலியாகத்தான் இருந்தது, முதல் பாகத்தின் ஜோக்குகளை ஞாபகப்படுத்திய இடங்களில் தியேட்டர் அதிர்ந்தது. ஆனால் அதை யாரும் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. காரணம் வயது இல்லை என்று நினைக்கிறேன். தலைப்பில் மட்டும்தான் பின்கோடு இருந்தது, படத்தில் ஏரியா இல்லை. ஷார்க்ஸ் தேனியில் விருந்தாளிகள். மனைவிகளும் கிரிக்கெட்டுக்குத் தடையாக நிற்பவர்களாகவே எழுதப்பட்டிருந்தார்கள், அதாவது செல்விக்கு இந்த முறையும் பேட் கிடைக்கவில்லை.

முதல் பாகத்தின் முடிவை எத்தனை பேர் சரியாக நினைவு வைத்திருக்கிறீர்கள்? கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் ஷார்க்ஸ் கோப்பை ஜெயித்ததாகச் சொன்னார்கள். அப்படி ஒரு காட்சி கிடையாது. அவர்கள் அரையிறுதியில் ராக்கர்ஸை ஜெயிக்கிறார்கள், அவ்வளவுதான். ஃபைனலுக்கு எதிரில் வந்து நிற்பது முன்பு ஒரு பெட் மேட்ச்சில் இவர்களைத் தோற்கடித்து மானத்தை வாங்கிய அதே பொடிப் பசங்க, பேட் பாய்ஸ். ஷார்க்ஸின் முகம் போகிற போக்கு, அதோடு படம் முடிந்துவிடுகிறது. அடுத்த ஏப்ரலில், 2008ல், ஐபிஎல் தொடங்கியது. அந்தப் பொடியன்களில் மூத்தவனுக்கு இப்போது முப்பது இருக்கலாம். எந்தப் பின்கோடில் இருக்கிறானோ.