வம்சாவளியில் இல்லாத ராஜா

கொரிய அரண்மனைத் தொடர்களில் இரண்டு வகை உண்டு. ராஜாக்களையும் மந்திரிகளையும் சண்டைகளையும் ஆவணத்தை ஒட்டி வரிசை தவறாமல் சொல்வது ஒன்று. உடையையும் அரண்மனையையும் மட்டும் கடன் வாங்கிக்கொண்டு காதலும் கலாட்டாவுமாக ஓடுவது மற்றது. 2014இல் 50 பகுதிகளாக வந்த 'ஜோங் தோஜோன்' முதல் வகைக்கு நல்ல சாட்சி. 2012இல் கொரியாவைக் கட்டிப்போட்ட 'சூரியனை அணைக்கும் நிலவு' இரண்டாவது வகை. அதன் ராஜா எந்த வம்சாவளியிலும் இல்லாதவர். படித்தவர்கள் முதலாவதை மதிப்பதும், இரண்டாவதைப் பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதும் சியோலிலும் உண்டு, நம் மலையகத்து ராகலையிலும் உண்டு. இந்த மதிப்பீடு தலைகீழானது என்பது என் கட்சி. சரித்திரத்துக்குக் கூடுதல் மரியாதை செய்வது பல வேளைகளில் லேசான தொடர்தான். அது தன்னைச் சரித்திரம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இலங்கையில் ரூபவாஹினி 'சுஜாத தியணி' என்று சிங்களத்தில் ஒளிபரப்பிப் பெரும்புகழ் பெற்ற 'தே ஜங் கும்' (2003–04) தொடரை எடுத்துக்கொள்வோம். 54 பகுதிகளும் உண்மைக் கதை என்ற பெயரோடுதான் உலகைச் சுற்றின. ஆனால் 1506 முதல் 1544 வரை ஆண்ட ஜுங்ஜோங் ராஜாவின் ஏடுகளில் ஜங் கும் என்ற பெண் வைத்தியர் சில வரிகளில் வந்து போகிறார், அவ்வளவே. அரண்மனைச் சமையற்கட்டில் அவர் வளர்ந்தது, சூழ்ச்சியில் சிக்கியது, தீவுக்கு அனுப்பப்பட்டது எல்லாம் எழுதியவரின் கைவண்ணம். தொடர் அருமையானது, அதில் மறுப்பில்லை. அதன் கனமான முகம்தான் கற்பனைக்கு உண்மையின் முத்திரையைக் குத்திவிட்டது. நமக்கும் இது புதிதல்ல; கல்கியின் நந்தினி கற்பனைப் பாத்திரம் என்றால் சண்டைக்கு வருபவர்கள் இன்றும் உண்டு. சரித்திரப் பெருமிதத்தோடு தொடங்கிய 'கொரியோ–கித்தான் போர்' (2023–24) பின்பாதியில் தடம் மாறியபோது, மூலநாவலை எழுதியவரே வெளிப்படையாகக் கண்டித்தார். வாக்குக் கொடுத்தவனைத்தானே கடன்காரன் என்று பிடிக்க முடியும்?

லேசான தொடர்கள் துணிந்து விளையாடுவதற்கு இன்னொரு காரணம், அவற்றுக்குக் கீழே கிடக்கும் ஆவணத்தின் பலம். கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் அரச ஏடுகள் 25 ராஜாக்களின் 472 ஆண்டுகளைச் சொல்கின்றன. 1997இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழுதப்படுவதை ராஜா பார்க்கக்கூடாது என்பது விதி. 1404இல் வேட்டைக்குப் போன தேஜோங் ராஜா குதிரையிலிருந்து விழுந்து, ஏடு எழுதுபவருக்குத் தெரியவேண்டாம் என்றாராம். அவர் விழுந்ததும் பதிவாகியிருக்கிறது, தெரியவேண்டாம் என்று சொன்னதும் பதிவாகியிருக்கிறது. இப்படி ஒரு மண் இறுகிக் கிடந்தால் அதன்மேல் கூத்தாடலாம். பெண்களையும் ஏடு எழுத வைக்கலாம் என்று 1519இல் அரசவையில் எழுந்த யோசனை நிறைவேறவில்லை. அது நிறைவேறியிருந்தால் என்று கேட்டு ஒரு காதல் கதையைப் பின்னியது 2019இன் 'கூ ஹே ரியோங்'. ஏடு மூடிய கதவை லேசான தொடர் தட்டிப் பார்க்கிறது. ஏட்டுக்குக் கட்டுப்பட்ட தொடரால் அந்தக் கதவருகே போகவே முடியாது.

இதற்கு எல்லை இல்லையா என்றால், உண்டு. எல்லையை வரைந்தவர்களும் கொரியப் பார்வையாளர்களே. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மிஸ்டர் குயின்', அரச ஏடுகளை வதந்தித்தாள் என்று கேலி செய்த வசனத்துக்காக மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. நிஜ ராஜாக்களைப் பேய்க்கதையில் இழுத்து, சீனப் பண்டங்களை மேசையில் பரப்பிய 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' 2021 மார்ச்சில் இரண்டே பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. இரண்டிலும் கோபம் வந்தது விளையாட்டின் மேல் அல்ல, நிஜப் பெயரை வைத்துக்கொண்டு விளையாடியதன் மேல். 'நிலவொளியில் காதல்' (2016) இந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது. 1830இல் இளவரசனாகவே இறந்துபோன ஹ்யோம்யோங்கை அது சிம்மாசனம் ஏற்றிச் சிரிக்க வைத்தது. எனக்கு அது பிடிக்கும். ஆனாலும் அதற்காக வாதாட மாட்டேன்.

பட்டுடையும் பூந்தோட்டமும் அடிமைகளின் கண்ணீரை மறைக்கின்றன என்பது கனமான ஆட்சேபம். ஜோசனில் அடிமைத்தனம் பரம்பரையாக இறங்கியது. சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1894இல்தான். இருந்தும் அடிமைகளை நடுக்கதையில் நிறுத்தியது எந்த வகை? 2010இன் 'சுனோ'வும், தப்பியோடிய அடிமைப்பெண் சீமாட்டி வேடத்தில் வழக்காடும் 2024இன் 'ஓக் சீமாட்டியின் கதை'யும் ஏட்டோடு கற்பனையைத் தாராளமாகக் கலந்த வகையைச் சேர்ந்தவை. ஏட்டை ஒட்டிய தொடர் ஏட்டில் இருப்பவர்களையே காட்டும். ஏட்டில் இருப்பவர்களோ பெரும்பாலும் ராஜாவும் மந்திரியும். 'சிவப்புக் கைப்பட்டி' (2021) இதற்கு விலக்கு. ராஜா கேட்டும் இணங்க மறுத்த பணிப்பெண்ணை அது ஆவணத்திலிருந்தே மீட்டது.

மலையகத்திலிருந்து எழக்கூடிய கேள்வி இதைவிடக் கூர்மையானது. துரை பங்களாவில் ஒரு காதல், கொழுந்து மலையில் ஒரு பாட்டு, கங்காணி கோமாளி என்று நம் பழைய காலத்தையும் இப்படி லேசாக எடுத்தால் ரசிப்போமா? நான் ரசிக்கமாட்டேன். இதில் முரண் இல்லை. ஜோசன் ராஜா குதிரையிலிருந்து விழுந்ததுகூட எழுத்தில் இருக்கிறது. நம் பாட்டன் பாட்டிமார் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் எண்ணாகவும், கங்காணியின் கணக்கில் கடனாகவும், துரைமாரின் நினைவுக்குறிப்பில் கூட்டமாகவும் இருக்கிறார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, நம்மவர் மலையகம் வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்தபோது பின்பற்றவேண்டியிருந்த பாதையைக்கூட வாய்மொழியும் காலனித்துவக் காகிதமும் சேர்ந்துதான் காட்டின. அடியில் மண்ணே இல்லாத இடத்தில் கூத்துக்கு மேடை போட்டால், அந்த மேடையையே நாளைக்குச் சரித்திரம் என்பார்கள். ஆகவே இங்கே முதலில் வரவேண்டியது, கடன்சீட்டால் தொழிலாளரைக் கட்டிப்போட்டு 1921இல் ஒழிந்த துண்டு முறையையும், நம்மவரை நாடற்றவராக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டத்தையும், 1964இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தையும் தேதி தவறாமல் சொல்லும் 50 பகுதித் தொடர். அது வந்த பிறகு, எந்தச் செக்ரோலிலும் இல்லாத ஒரு ராகலைப் பெண்ணின் கலாட்டாக் காதலுக்கு முதல் வரிசையில் எனக்கும் ஓர் இடம் போட்டு வைக்கலாம்.