சீரிஸ் பல்பை எவ்வளவு நம்பலாம்?

பழைய கலர் டிவி பழுது பார்க்கும் கடைகளில் மேசையோரம் ஒரு ஹோல்டரும் அதில் ஒரு குண்டு பல்பும் இருக்கும். செட்டுக்குப் போகும் கரண்ட் அந்தப் பல்பைக் கடந்துதான் போகும். டெட் செட் வந்து, எஸ்.எம்.பி.எஸ். பகுதியில் ஏதாவது பாகம் மாற்றினால், நேரே 230 வோல்ட் கொடுக்காமல் முதலில் இந்தப் பல்பு வழியே கொடுத்துப் பார்ப்பது தொழில் வழக்கம். 2006-க்குப் பின் தமிழ்நாடு அரசு கொடுத்த 14 அங்குல டிவிகள் மட்டுமே ஒரு கோடிக்கு மேல். அவற்றைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குகள் பலருக்கு இந்தப் பல்புதான் முதல் கருவி. இது நல்ல வழக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பல்பால் பதில் சொல்ல முடிகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதைத் தாண்டியும் பல்பையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஒரு கேள்வி: பிரைமரி பக்கம் ஷார்ட் இருக்கிறதா? 230 வோல்ட் ஏ.சி., பிரிட்ஜைக் கடந்து மெயின் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. ஆக நிற்கிறது. அதை மாஸ்ஃபெட் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கிறது. மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் அது தனியாகப் போவதில்லை. சோர்ஸில் இருக்கும் ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், பல நேரம் கன்ட்ரோல் ஐ.சி. என்று ஒரு வரிசையையே இழுத்துக்கொண்டு போகும். அதில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுப் புது மாஸ்ஃபெட் போட்டு நேரடியாகக் கரண்ட் கொடுத்தால், ஃப்யூஸ் வெடிக்கும் அதே கணத்தில் புதியதும் போய்விடும். நடுவில் 60 வாட் பல்பு இருந்தால் என்ன ஷார்ட் இருந்தாலும் கால் ஆம்பியருக்குச் சற்று மேல்தான் ஓடும். பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், நாம் சுவிட்சை அணைப்போம், பெரும்பாலும் பாகம் பிழைத்துக்கொள்ளும். வருமானம் குறைந்த தொழிலில் இது சின்ன லாபம் இல்லை.

அனுபவப்பட்ட கண் இன்னும் கொஞ்சம் படிக்கும். சுவிட்ச் போட்டதும் பல்பு பளிச்சென்று ஒரு தரம் எரிந்து மங்கினால் மெயின் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது என்று பொருள். அந்தப் பளிச்சே இல்லையென்றால் ஃப்யூஸ் போயிருக்கலாம், கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம், அல்லது முந்தைய சார்ஜ் இன்னும் இறங்காமல் இருக்கலாம். குளிர்ந்த நிலையில் நன்றாக எரிந்து சில நொடிகளில் தணிந்தால் அது பிக்சர் டியூபைச் சுற்றிய டீகாஸ் காயில் இழுக்கும் கரண்ட். அந்தக் கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஒரு தரம் எரிந்து அணைந்த பல்பைப் பார்த்து ‘போர்டு ஓகே’ என்கிறோம். ஸ்டேண்ட்பையில் நல்லபடியாக நிற்கும் செட்டிலும் பல்பு அப்படித்தான் அணைந்திருக்கும். ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகி ஐ.சி.க்கு உயிரே வராத செட்டிலும் அப்படித்தான் அணைந்திருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்வது மெயின் கெப்பாசிட்டரிலும் ஐ.சி.யின் சப்ளை காலிலும் வைத்த மீட்டர்தான்.

அடுத்த குழப்பம் இதைவிடச் செலவு வைப்பது. 3842 வகை ஐ.சி. சப்ளை காலில் 16 வோல்ட் வந்தால் எழும்பும், 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் படுத்துவிடும். அந்தக் காலில் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர், 47 மைக்ரோ என்று வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்துவிட்டால் எழும்புவதும் படுப்பதுமாக ‘டிக் டிக்’ என்று துடிக்கும். பழைய செட்டுகளில் நிறையப் பார்க்கும் பழுது இது. ஆனால் பல்பு போதாத வாட் என்றால் பழுதே இல்லாத செட்டும் இதே மாதிரி துடிக்கும். ஸ்விட்சிங் சப்ளைக்கு வேண்டியது குறிப்பிட்ட வாட். வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்டக் கூடுதல் கரண்ட் இழுக்கும். கரண்ட் ஏறினால் பல்பு சூடாகும், அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், செட்டுக்கு வோல்ட் இன்னும் இறங்கும். 60 வாட் பல்பு வழியே செட்டுக்குப் போய்ச் சேரக்கூடியது சுமார் 20 வாட்தான். 14 அங்குல டிவி படம் காட்ட அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். எழும்ப முடியாமல் அது திணறுவதைப் பார்த்துவிட்டு ஐ.சி.யையும் ஆப்டோகப்ளரையும் மாற்றுவது வீண் வேலை. ஷார்ட் பார்க்க 60 வாட், ஓடவிட்டுப் பார்க்க 200 வாட் என்று இரண்டு ஹோல்டர் வைத்தால் இந்தத் தவறு பெரும்பாலும் நின்றுவிடும்.

ரெகுலேஷன் பழுதைப் பல்பு மறைத்தே விடுகிறது. ஃபீட்பேக் பகுதி கெட்டு, 110 வோல்ட் நிற்க வேண்டிய பி பிளஸ் லைன் ஏறத் துடிக்கும் செட்டில், உள்ளே வரும் கரண்டைப் பல்பு நெரிப்பதால் பி பிளஸ் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும். நம்பிப் பல்பைக் கழற்றியதும் பி பிளஸ் எகிறும், லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும், செகண்டரி கெப்பாசிட்டர் வீங்கும். இதற்கு மருந்து அதே கடையில் இருக்கும் இன்னொரு பல்பு. டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு பி பிளஸுக்கும் செகண்டரி கிரவுண்டுக்கும் நடுவே 60 வாட் பல்பை லோடாகப் போட்டு, மீட்டரை வைத்துக்கொண்டு வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்க வேண்டும். வேரியாக் இருந்தால் உத்தமம். லோடு பல்பைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு இந்த வழக்கத்தின் மேல் உள்ள பெரிய வருத்தம். சீரிஸ் பல்பு பாகத்தைக் காப்பாற்றுகிறது; சப்ளை தன் வேலையைச் செய்கிறதா என்று சொல்வது லோடு பல்பு.

உயிர்ப் பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ‘சீரிஸில்தானே இருக்கிறது, ஷாக் அடிக்காது’ என்று கடைப்பையன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லித்தந்தவர்களைத்தான் கண்டிக்க வேண்டும். குளிர்ந்த 60 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் நூறு ஓமுக்கும் குறைவு. ஆயிரம் ஓம் கணக்கில் உள்ள மனித உடம்போடு சேரும்போது அது தடையே இல்லை. வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும்படி வைத்திருப்பது அதற்கு மேல் உயிருக்கு ஆபத்து என்பதால். பல்பு விடுவதோ அதைப்போல் பல மடங்கு. பிரைமரி கிரவுண்டு மெயின்ஸோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பைப் போடுவதற்கு முன் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். சப்ளை ஓடாத செட்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மெயின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் நிற்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணாமல், ஓரிரு கிலோ ஓம் வயர்வௌண்ட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கரண்ட் கொடுக்காமல் மீட்டரால் பிரிட்ஜ், மாஸ்ஃபெட், சோர்ஸ் ரெசிஸ்டர், செகண்டரி டயோடுகள். பிறகு ஈ.எஸ்.ஆர். மீட்டரால் சின்ன கெப்பாசிட்டர்கள்; மதிப்பு சரியாகக் காட்டிக்கொண்டே ஈ.எஸ்.ஆர். ஏறியிருக்கும் கெப்பாசிட்டரைச் சாதாரண மீட்டர் பிடிக்காது. சீரிஸ் பல்பு அதற்கு அடுத்துத்தான்.

இப்போது குண்டு பல்பே கடைகளில் அரிதாகி வருகிறது. அந்த இடத்தில் எல்.இ.டி. பல்பைப் போடக்கூடாது. அதற்குள்ளும் ஒரு டிரைவர் இருக்கிறது, அது மின்னுவதற்கும் செட்டின் நிலைக்கும் சம்பந்தமில்லை. கம்பி இழை உள்ள ஹாலஜன் பல்பு அதே வேலையைச் செய்யும். சூடு அதிகம் என்பதால் பீங்கான் ஹோல்டரில் மாட்டி, வயருக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும்.